வைரவாளும் கல்லின் துகளும்

எகிப்து நாட்டின் கீசாவிலுள்ள பெரிய பிரமிட்டின் உள்ளே, அரசனின் அறை என வழங்கும் இடத்தில், கருங்கற் பேழையொன்று இருக்கின்றது. கூஃபு மன்னனுக்கென ஏறத்தாழ 4,600 ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட பேழை அது. 1880ஆம் ஆண்டின் இறுதியில் அங்குச் சென்ற பிளின்டேர்ஸ் பீற்றி என்னும் ஆங்கில அறிஞர் அதனை நுணுகி அளந்தார். அதன் புறத்தே வாள் ஓடிய கோடுகள் தெரிந்தன. ஓரிடத்தில் வாள் வேண்டிய அளவுக்கு மேல் உட்சென்றுவிட, தொழிலாளர் அதனை வெளியே எடுத்து மீண்டும் அறுக்கத் தொடங்கிய தடமும் அழியாதிருந்தது. மன்னனுடைய பேழையிலும் கைத்தவறு நேர்ந்திருக்கின்றது.

எகிப்தியர் அக்காலத்தில் இரும்பு வாளை அறியார். அவர்களிடம் இருந்தது செம்பு. செம்போ கருங்கல்லினும் பன்மடங்கு மெல்லியது. மெல்லியது வல்லியதை அறுத்தது எவ்வாறு? பீற்றி இதற்கு ஒரு விடை கண்டார். வாளின் விளிம்பிலே குருந்தம் போன்ற கடினமான மணிகளைப் பதித்து எகிப்தியர் கல்லை அறுத்தனர் என்பது அவர் கருத்து. குருந்தத்தை ஆங்கிலேயர் வழங்கும் பெயர் தமிழிலிருந்து சென்றது என்பதை இங்கே இடைப்பிறவரலாகக் குறித்துக்கொள்ளலாம். பீற்றியின் விடை பின்வந்த அறிஞர்க்கு உடன்பாடாகவில்லை. மணி பதித்த வாள் ஒன்றேனும் எகிப்தின் மண்ணிலிருந்து கிடைக்கவில்லை. மாறாக, அறுத்த பள்ளங்களிலே செம்பின் பச்சைக் கறையும் மணலும் தங்கியிருந்தன. இவற்றைப் பீற்றியே கண்டு எழுதி வைத்திருந்தார். பின்னர் டெனிஸ் ஸ்டொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் பல்லில்லாத செம்புவாளைச் செய்து, அதன் கீழே உலர்ந்த மணலை இட்டு, அஸ்வானின் கருங்கல்லை அறுத்துக் காட்டினார். வாள் மணலைத் தேய்த்தது. மணல் கல்லைத் தேய்த்தது. மணலிலுள்ள படிகம் செம்பினும் கடினமானது. கருங்கல்லிலுள்ள கனிமங்களுக்கு ஈடுகொடுக்கவும் வல்லது. வேலை மிக மெதுவாகவே நடந்தது. செம்பும் பெருமளவில் தேய்ந்தது. எனினும் கல் அறுபட்டது.

கல்லறுக்கும் தொழிலின் வரலாறு முழுவதற்கும் இவ்வுண்மையே திறவுகோல். கல்லை அறுப்பது வாளன்று. வாள் சுமந்து செல்லும் துகள். கி.பி. 79இல் வெசூவியசு எரிமலை கக்கியபோது உயிர்நீத்த உரோம அறிஞர் பிளினி இதனைத் தெளிவாக அறிந்திருந்தார். சலவைக்கல்லை இரும்பு அறுப்பது போலத் தோன்றினும் உண்மையில் அறுப்பது மணலே என்று தம் இயற்கை வரலாற்று நூலில் அவர் விளக்குகின்றார். எத்தியோப்பிய மணலே சிறந்ததென்று கூறி, இந்திய மணலையும் அதனோடு ஒப்பிடுகின்றார். மணல் பருமனானால் அறுத்த முகம் கரடாகும், பின்னர் மெருகிடும் வேலை மிகும் என்பது அவர் தரும் எச்சரிக்கை. இன்று வைரவாள் வாங்குவோர் துகளின் பருமனைப் பார்த்து வாங்குவதற்கும் இதுவே காரணம்.

உரோமர் இவ்வாளை நீராற்றலாலும் இயக்கினர். இன்றைய துருக்கி நாட்டில் உள்ள இயராப்போலிசு என்னும் பழைய நகரில், கி.பி. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அம்மியானோசு என்பவனின் கற்பேழையிலே நீர்ச்சக்கரம் ஒன்று இரண்டு வாள்களை முன்னும் பின்னும் இழுக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. சுழற்சியை நேரோட்டமாக மாற்றும் வணரிக்கும் இணைதண்டுக்கும் இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய சான்று அதுவே. 4ஆம் நூற்றாண்டில் அவுசோனியசு என்னும் புலவர் இன்றைய ஜேர்மனியின் மோசெல் ஆற்றைப் பாடியபோது, அதன் கிளையாறொன்றிலே சலவைக்கல் அறுக்கும் வாள்களின் கிறீச்சொலியையும் சேர்த்துப் பாடினார்.

மணலினும் கடினமானது வைரம். அதன் கடினத்தை மனிதன் நெடுங்காலத்துக்கு முன்னரே தொழிலுக்குப் பயன்படுத்தினான் என்பதற்குரிய சான்றுகளுள் ஒன்று நம் நாட்டிலேயே கிடைத்தது. மன்னாருக்கு அண்மையில், திருக்கேதீச்சரத்தை அடுத்துள்ள மாந்தை, பழங்காலத்துப் பெருந்துறைமுகம். அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்ட கல்மணிகளின் துளைகளைக் குவின்னெற், கொறெலிக் என்னும் அமெரிக்கர் இருவர் ஆராய்ந்து 1986இல் முடிபுகளை வெளியிட்டனர். இருவரும் பல் மருத்துவத்துறையினர். பல்லுக்கு அச்செடுக்கும் பசையினாலேயே மணித்துளைகளின் உட்புறத்துக்கு அச்செடுத்து, அவ்வச்சை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தனர். துளையின் உட்சுவரிலே ஒழுங்கான, கூரிய வளையக் கோடுகள் இருந்தன. மணலோ குருந்தத்தூளோ அத்தகைய கோடுகளை இடமாட்டா. துளைகருவியின் நுனியிலே வைரச்சில்லு பதிக்கப்பட்டிருந்தாலே அவை உண்டாகும். மாந்தை மணிகளின் காலம் கி.பி. 700க்கும் 1000க்கும் இடைப்பட்டது. இந்தியாவின் குசராத்திலுள்ள கம்பாத்து நகரத்து மணித்தொழிலாளர், இரண்டு சிறு வைரச்சில்லுகள் பதித்த துளைகருவியை நம் காலத்திலும் கையாண்டு வந்துள்ளனர். எகிப்தியரிடம் இருந்ததாகப் பீற்றி எண்ணிய கருவி, உண்மையில் பல நூற்றாண்டுகள் கழித்துத் தென்னாசியாவிலே மணித்துளை அளவிற் பிறந்தது எனலாம்.

ஆயினும் துளையிடுவதற்கு ஒரு சில்லுப் போதும். பாறையை அறுப்பதற்கோ ஆயிரக்கணக்கான சில்லுகள் வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலே வைரம் கண்டெடுக்கப்படும்வரை உலகச் சந்தைக்கு வைரம் வழங்கிய பெருநிலம் இந்தியாவே. அவ்வைரம் அரசரின் முடிக்குப் போயிற்று; கற்றச்சன் கைக்கு வரவில்லை. பிரேசிலிலே அணிகலனுக்குதவாத கருநிற வைரமும் கிடைத்தது. 1860களிலே லெஷோ என்னும் சுவிசுப் பொறியியலாளர் அதனை உருக்கு வளையத்திற் பதித்துப் பாறை துளைக்கும் கருவியை ஆக்கினார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பிரான்சு நாட்டினர் வைரம் பதித்த வட்டவாள்களைக் கொண்டு கட்டடக் கற்களை அறுக்கத் தொடங்கினர். விலையோ பெரிது, ஆகையால் பெரும்பாலான கல்லாலைகளிலே மணலும் நீரும் பாய்ச்சும் பழைய வாளே நெடுநாள் ஓடிற்று.

அந்நிலையை மாற்றியது இரசாயனம். வைரமும் கரியும் ஒரே மூலகம் என்பதை 1797இல் சிமித்சன் தெனன்ற் என்னும் ஆங்கில விஞ்ஞானி மெய்ப்பித்தார். நம் நாட்டின் போகலை, ககட்டகக முதலிய சுரங்கங்களில் எடுக்கப்படும் காரீயமும் அதே கரிதான். அணுக்கள் அடுக்கப்பட்ட முறையே வேறு. அடுக்கை மாற்றினால் காரீயம் வைரமாகும் என்ற எண்ணம் பலரை ஒன்றரை நூற்றாண்டாக ஆட்டிவைத்தது. சுவீடன் நாட்டினர் 1953இல் வெற்றி கண்டனர், ஆயினும் வெளியிடவில்லை. 1954 டிசெம்பர் 16ஆம் நாள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ரிக் ஆய்வுகூடத்தில் திரேசி ஹோல் என்பவர், ஏறத்தாழ 1,00,000 வளிமண்டல அமுக்கத்திலும் 1,600 பாகை சென்ரிகிரேட் வெப்பத்திலும் கரியை வைரமாக்கினார். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் உலகம் அதனை அறிந்தது. சில ஆண்டுகளுக்குள் செயற்கை வைரத்தூள் விற்பனைக்கு வந்தது. கல்லாலையில் மட்டும் இருந்த வைரவாள் படிப்படியாகச் சிறுத்து, விலை குறைந்து, தெருவோரத்து மேசனின் கைக்கும் வந்து சேர்ந்தது.

இவ்வாளின் அமைப்பை அறியாமல் அதனைத் தெரிந்தெடுக்க இயலாது. நடுவிலே உருக்குத் தட்டு. விளிம்பிலே வைரத்துகளையும் உலோகத்தூளையும் கலந்து சூட்டினால் இறுக்கிய துண்டங்கள். இவ்வுலோகத்தைப் பிணைப்பு என்று கூறலாம். கல்லை அறுக்குந்தோறும் வெளியே நிற்கும் வைரத்துகள் மழுங்கி உதிரும். அதே வேளையிற் பிணைப்பும் தேய்ந்தால் புதிய துகள் வெளிப்படும். வாள் தன்னைத் தேய்த்துக்கொண்டே தன்னைத் தீட்டிக்கொள்கின்றது. இங்கேதான் பொதுவறிவு பிழைபடுகின்றது. கடினமான கல்லுக்குக் கடினமான பிணைப்பு வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை இதற்கு நேர்மாறானது. இறுகிய கருங்கல் பிணைப்பை எளிதில் அரிப்பதில்லை. ஆகவே அதற்கு மெல்லிய பிணைப்புடைய வாளே ஏற்றது. அன்றேல் மழுங்கிய துகள்கள் உதிராமல் நிற்க, வாள் கல்லின்மேல் வழுக்கிச் சூடேறும். மணற்கல் பிணைப்பை விரைவில் அரித்துவிடும்; அதற்குக் கடினமான பிணைப்பு வேண்டும். அன்றேல் நல்ல வைரங்கள் பயன்படுமுன்னரே உதிர்ந்து போகும். கருங்கல்லில் மழுங்கி வழவழப்பேறிய வாளை, மணற்கல் போன்ற அரிக்கும் கல்லொன்றிற் சிறிது ஓட்டினால் மீண்டும் கூர்மை பெறும். இதனை அறியாதார், வாள் கெட்டுவிட்டதென்று எறிகின்றனர், அல்லது முழுப்பலத்தோடு அழுத்துகின்றனர். அழுத்துவது இரண்டிலும் தீது.

விளிம்பின் வடிவமும் நோக்கத்தக்கது. இடையிடையே வெட்டு விடப்பட்ட விளிம்பு காற்றாற் குளிர்ந்து விரைவாக அறுக்கும். கட்டடக் கல்லுக்கு ஏற்றது. தொடர்ந்த விளிம்பு மெதுவாக அறுத்தாலும் ஓரம் உடையாது. சலவைக்கல்லுக்கும் மாபிளுக்கும் ஓட்டுக்கும் அதுவே நன்று. நீருடன் மட்டும் பயன்படுத்துக எனக் குறித்த வாளை உலர்நிலையில் ஓட்டினால், சூட்டினால் துண்டங்கள் தளர்ந்து பறக்கக்கூடும்.

பறக்கும் துண்டத்தின் வேகம் எத்தகையது? தொழிலாளர் கிறைண்டர் என வழங்கும் சிறு கைப்பொறியிற் பூட்டும் 115 மில்லிமீற்றர் தட்டுக்கு உச்சவேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 13,300 சுற்று என்று அத்தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதன் விளிம்பு செக்கனுக்கு 80 மீற்றர், அதாவது மணிக்கு 288 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. ஆழமாக அறுக்கும் ஆசையினால் காப்புமூடியைக் கழற்றிவிட்டு, அதே பொறியில் 230 மில்லிமீற்றர் தட்டைப் பூட்டுவோர் உண்டு. அப்பொழுது விளிம்பின் வேகம் இருமடங்காகும். தட்டைப் பிய்க்க முயலும் தகைப்போ நான்கு மடங்காகும். பெரிய தட்டுக்கு உரிய வேகம் 6,650 சுற்றே. அளவு பொருந்தாத துளையை வளையம் செருகி ஒப்பேற்றுவதும், நேர்க்கோட்டில் ஓடவேண்டிய வாளை வளைத்துத் திருப்புவதும், வெடிப்புக் கண்ட தட்டை இன்னும் ஒரு நாள் ஓட்டலாமென்று பூட்டுவதும் இதே இனத்துத் துணிச்சல்கள். தட்டு உடைந்து விளையும் காயத்தை எல்லாரும் காண்பர். அதனாற் சிறிதேனும் அஞ்சுவர். கண்ணுக்குத் தெரியாத காயம் ஒன்றும் உண்டு. கல்லறுக்கும் தொழிலிலே மிகுதியான உயிரைக் கவர்ந்தது அதுவே.

அறுபட்ட கல் எங்கே போகின்றது? இக்கேள்வியை மருத்துவர் 300 ஆண்டுகளுக்கு முன்னரே எழுப்பினர். இத்தாலியின் மொடேனா நகரில் பேராசிரியராயிருந்த பேர்னார்டினோ இறமத்சினி, 1700இல் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் உன் தொழில் யாது என்று வினவ வேண்டுமென மருத்துவர்க்குக் கற்பித்த பெருமகன் அவர். கல்தச்சரைப் பற்றிய அதிகாரத்திலே, ஒல்லாந்து நாட்டு மருத்துவர் டீமர்புறூக் கண்ட செய்தியொன்றை எடுத்துரைக்கின்றார். மூச்சிழுப்பு நோயால் இறந்த கல்தச்சரின் உடலை டீமர்புறூக் அறுத்துப் பார்த்தபோது, நுரையீரலில் கத்தி மணற்குவியலில் ஓடுவது போல ஓடிற்று. கல்தச்சுத் தலைவன் ஒருவன் அவருக்கு மேலும் ஒன்று கூறினான். பட்டறையிலே தொங்கவிட்ட எருத்தின் சிறுநீர்ப்பையினுள்ளும் கல்லின் நுண்தூள் புகுந்துவிடும். ஓராண்டு முடிவில் அதனுள் ஒரு கைப்பிடி தூள் சேர்ந்திருக்கும். எச்சரிக்கையில்லாத கல்தச்சரைச் சிறிது சிறிதாகக் கொல்வது அத்தூளே என்பதும் அவன் துணிபு. எழுத்தறிவு எவ்வளவு இருந்ததோ, அறியோம். அவனது ஆராய்ச்சி நேரிய ஆராய்ச்சி.

1870இல் விஸ்கொந்தி என்னும் இத்தாலியர் இந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயரிட்டார். கருங்கல்லிலும் மணற்கல்லிலும் உள்ள படிகம் சிலிக்கா என்னும் பொருளாலானது. பெருந்துகளை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். மயிரிழையின் பருமனிற் பத்திலொன்றுக்கும் குறைந்த துகள் நுரையீரலின் ஆழம் வரை செல்லும். அதனை விழுங்கி அழிக்க வரும் உயிரணு தானே அழிகின்றது. அவ்விடத்திலே தழும்பு உண்டாகின்றது. தழும்பேறிய நுரையீரல் விரிவதில்லை. கயரோகமும் எளிதிற் பற்றும். நோயை மாற்றும் மருந்து இன்றும் இல்லை. 1997இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம், தொழிலிடத்துப் படிகச் சிலிக்காத் துகளை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் பட்டியலிற் சேர்த்தது.

கருவி விரைவானபோது துகளும் மிகுந்தது. அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்துப் பார் நகரம் இதற்குச் சான்று. உளியும் சுத்தியலும் கொண்டு கருங்கல் செதுக்கிய காலத்திலும் அங்கு நோய் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் காற்றமுக்கத்தால் இயங்கும் உளிகள் வந்தன. குளிருக்காக அடைத்துக் கட்டிய கொட்டகைகளிலே துகள் புகைபோல நின்றது. இத்தாலியிலிருந்தும் ஸ்கொத்லாந்திலிருந்தும் வந்து குடியேறிய கைவல்ல கற்றச்சர், நடுத்தர வயதிலேயே சிலிக்கோசிசும் கயரோகமும் கூடி இறந்தனர். 1929இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதார சேவை இதனை அளந்து வெளியிட்டது. 1930களின் இறுதியில் ஒவ்வோர் உளியின் அருகிலும் துகளை உறிஞ்சும் குழாய்கள் பொருத்தப்பட்டன. அதன்பின் தொழிலிற் சேர்ந்தவர்களிடையே அந்நோய் பெரும்பாலும் மறைந்தது. கல் அதே கல். ஊரும் அதே ஊர். மாறியது காற்று ஒன்றே.

இவ்வளவு தெளிவான பாடம் மறக்கப்பட்டது வியப்பன்று, வருந்தத்தக்கது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியிலே நொறுக்கிய படிகத்தைப் பிசினோடு சேர்த்து இறுக்கிச் செயற்கைக் கற்பலகை செய்யும் முறை தோன்றியது. சமையலறை மேடைக்கு அழகிய பொருள். கருங்கல்லிற் படிகம் பெரும்பாலும் மூன்றிலொரு பங்களவே. பழைய வகைச் செயற்கைப் பலகையிலோ பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல். அதனை வெட்டும் கருவி, கையடக்கமான, விரைந்து சுழலும் வைரவாள். வீட்டினுள்ளே, நீரின்றி, மூடிய கதவுக்குள் வெட்டினர். 2012இல் இஸ்ரேல் மருத்துவர்கள் இத்தொழிலிலே சிலிக்கோசிசுக்கு ஆளான 25 பேரின் நிலையை வெளியிட்டனர். ஸ்பெயினிலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இளைஞர்கள் சில ஆண்டு உழைப்பிலேயே மூச்சிழந்தனர். 2024 ஜூலை 1ஆம் நாள் அவுஸ்திரேலியா அக்கற்பலகையைச் செய்வதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடைசெய்தது. உலகில் முதன்முதல் அத்தடையை விதித்த நாடு அது. தடை நன்றே. ஆனால் தடைசெய்யப்பட்டது ஒரு கல். உலர்ந்த கருங்கல்லின்மேல் அதே வாளை ஓட்டுபவனுடைய மூச்சிலும் அதே சிலிக்காவே செல்கின்றது. ஆகவேதான் அந்நாடு அதே ஆண்டு செப்டெம்பரில், சிலிக்கா உள்ள எல்லாப் பொருளையும் அறுப்பதற்குக் கடுமையான விதிகளை ஏற்படுத்தியது. அமெரிக்காவின் 2016ஆம் ஆண்டு விதி, ஒரு கனமீற்றர் காற்றிலே எட்டு மணி நேரச் சராசரியாக 50 மைக்கிரோகிராம் சிலிக்காவுக்கு மேல் இருத்தலாகாதென்கின்றது. உப்புத்தூளில் ஒரு சிறு மணி அளவு அது. கண்ணுக்குத் தூசி தெரியும் இடத்தில் இவ்வெல்லை எப்பொழுதோ கடந்துவிட்டது.

காப்பு, நீரில் உள்ளது. அறுக்குமிடத்தில் விழும் நீர் வாளின் சூட்டைத் தணிக்கின்றது. பிறக்கும் துகளைப் பிறந்த இடத்திலேயே சேறாக்குகின்றது. வாளின் ஆயுளைக் கருதி நீர் விடும் முதலாளியும், தொழிலாளியின் ஆயுளைக் கருதி நீர் விடச்சொல்லும் மருத்துவரும் ஒரே குழாயைத்தான் திறக்கின்றனர். ஆனால் மின்சாரமும் நீரும் பகை. சாதாரண கிறைண்டரின்மேல் போத்தலால் நீர் ஊற்றுவது உயிருக்கு ஆபத்து. நீரோடு ஓடுவதற்கென ஆக்கப்பட்ட பொறியே வேண்டும். மின்கசிவு கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ஆளியும் வேண்டும். நீர் விட இயலாத இடத்தில், வாளைச் சூழ மூடியிட்டு, நுண்வடி கொண்ட உறிஞ்சியை அதனோடு இணைத்தல் தகும். வாயிற் கட்டும் கைக்குட்டை பெருந்துகளை மட்டுமே தடுக்கும். நோய் செய்வது பெருந்துகளன்று. முகத்தோடு இறுகப் பொருந்தும் நுண்துகள் முகமூடி, நீருக்கு மாற்றாகாது. நீரோடு சேர்த்து அணியத்தக்கது.

வேலை முடிந்த பின்னர்த் தரையிற் கிடக்கும் சேறும் மறக்கப்படுவதுண்டு. அது வெயிலிற் காய்ந்தால் மீண்டும் துகளே. விளக்குமாற்றின் முதல் வீச்சிலேயே எழும்பும். ஈரமாக இருக்கும்போதே அதனை வழித்து அகற்றல் வேண்டும். உடையை உதறாமல் கழற்றி, வீட்டிலுள்ள பிள்ளைகளின் உடையோடு சேராமல் தனியே நனைத்துத் துவைத்தல் வேண்டும்.